ஆர்னியோன்: அஃறிணைச் சொல் ஒன்று உயர்திணையான வரலாறு

தெமோதரை என்னும் பெயரைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவில் எழுவது அங்குள்ள புகையிரதப் பாதையே ஆகும். 1894ஆம் ஆண்டில் பண்டாரவளையை வந்தடைந்த பாதை, மலைகளைக் குடைந்தும் பள்ளங்களைப் பாலங்களால் இணைத்தும் 1924ஆம் ஆண்டிலேதான் பதுளையை எட்டியது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தான் சற்று முன்னர் கடந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழியாகப் புகுந்து செல்கின்றது. இவ்விந்தையைக் காண வருவோர் பாதையின் இருமருங்கிலும் உள்ள தேயிலை மலைகளையும், அம்மலைகளின் மடியிலே வரிசையாக அமைந்த லயங்களையும் கண்டு செல்வர். லயங்களின் பின்புறத்தே பலகையாலும் தகரத்தாலும் அமைக்கப்பட்ட ஆட்டுக்கொட்டில்கள் அவர்களின் கண்ணிற் படுவது அரிது.

தோட்டத்து வாழ்விலே ஆடு சிறு உடைமை அன்று. திருமணமோ நோயோ வந்துற்றபோது விற்றுப் பணமாக்கத்தக்க செல்வம் அது. மாடசாமிக்கோ முனியாண்டிக்கோ தேயிலைத் தொழிற்சாலையைக் காக்கும் ரோதை முனிக்கோ நேர்ந்துவிடப்படும் பலிப்பொருளும் அதுவே. இங்கு வளர்க்கப்படுவது பெரும்பாலும் வெள்ளாடு. செம்மறி மந்தையைக் கண்ணாற் கண்டோர் இம்மலைகளிற் குறைவு. எனினும், இதே தோட்டங்களின் சிறு ஆலயங்களில் ‘தேவ ஆட்டுக்குட்டி’ என்றும் ‘ஆட்டுக்குட்டியானவர்’ என்றும் ‘இறைவனின் செம்மறி’ என்றும் ஒரு சொல் தலைமுறை தலைமுறையாக ஒலித்து வந்துள்ளது. ஆசியா மைனரில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு நூலிலிருந்து, தரங்கம்பாடி, யாழ்ப்பாணம், சென்னை ஆகிய இடங்களில் நிகழ்ந்த மொழிபெயர்ப்பு முயற்சிகளின் வழியாக ஊவா மலைகளை வந்தடைந்த சொல் இது. அதன் பொருளையும் குறியீட்டையும் ஆராய்ந்து, தமிழிலக்கணத்தின் திணைப் பாகுபாட்டோடு அது கொண்ட உறவையும், தோட்ட மக்களின் வரலாற்றில் அவ்வுறவு பெறும் பொருளையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிரேக்க மூலத்தில் ஆடு

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ஆட்டைக் குறிக்கும் சொற்கள் பல. பொதுவாகச் செம்மறியைக் குறிப்பது ‘புரோபாதோன்’. வெள்ளாட்டையும் அதன் குட்டியையும் குறிப்பது ‘எரிபோஸ்’. செம்மறியின் குட்டியைக் குறிக்க மூன்று சொற்கள் உள்ளன: ‘அம்னோஸ்’, ‘ஆரேன்’, ‘ஆர்னியோன்’. இவற்றுள் ‘அம்னோஸ்’ நான்கே இடங்களில் வருகின்றது. யோவான் நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தில் திருமுழுக்கு யோவான் இயேசுவைச் சுட்டுமிடத்து இருமுறையும், அப்போஸ்தலர் நடபடிகளில் ஒருமுறையும், பேதுருவின் முதலாம் நிருபத்தில் ஒருமுறையும் அது ஆளப்படுகின்றது. ‘ஆரேன்’ லூக்கா நற்செய்தியில் ஒரே ஓரிடத்தில், ஓநாய்களுக்குள்ளே அனுப்பப்படும் சீடரைக் குறித்து வருகின்றது. ‘ஆர்னியோன்’ என்பதோ முப்பது இடங்களில் வருகின்றது. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் வரும் ஓரிடம் நீங்கலாக ஏனைய இருபத்தொன்பதும் வெளிப்படுத்தின விசேஷத்திலேயே உள்ளன. அவற்றுள் இருபத்தெட்டு கிறிஸ்துவைக் குறிப்பன. எஞ்சிய ஒன்று, ஆட்டுக்குட்டியைப் போன்ற இரு கொம்புகளைக் கொண்டு தோன்றும் விலங்கைப் பற்றியது.

சொல்லமைப்பை நோக்கின், ‘ஆர்னியோன்’ என்பது ‘ஆரேன்’ என்பதன் சிறுமைப் பெயராகும். எனவே சின்னஞ்சிறு குட்டி என்பது அதன் தொடக்கப் பொருளாக இருந்திருக்க வேண்டும். புதிய ஏற்பாட்டுக் காலத்துப் பேச்சுக் கிரேக்கத்தில் இத்தகைய விகுதிகளின் சிறுமைப் பொருள் பெரிதும் தேய்ந்துவிட்டது என்பதும் உண்மையே. ஆயினும் அந்நூலில் இச்சொல்லுக்கு எதிராக நிறுத்தப்படும் சொல் எது என நோக்குதல் வேண்டும். கொடிய விலங்கைக் குறிக்கும் ‘தேரியோன்’ என்பதே அது. இரண்டும் ஒரே விகுதியைக் கொண்டவை. கூட்டத்தைத் தன் பின்னே இழுக்க முயலும் விலங்கும், கொல்லப்பட்ட குட்டியும் ஒலியளவிலும் எதிரெதிரே நிற்கின்றன.

இச்சொல்லின் குறியீட்டுப் பொருளுக்கு எபிரேய வேதநூல்களே அடித்தளமாகும். அவற்றின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான எழுபதின்மர் பாடத்தில், எசாயா நூலின் 53ஆம் அதிகாரம் துன்புறும் ஊழியனை அடிக்கப்படுவதற்குக் கொண்டுசெல்லப்படும் ஆட்டுக்கும், மயிர் கத்தரிப்பவன் முன் வாய் திறவாத குட்டிக்கும் ஒப்பிடுகின்றது. அங்கு வரும் சொற்கள் ‘புரோபாதோன்’, ‘அம்னோஸ்’ என்பன. எரேமியா நூலின் 11ஆம் அதிகாரத்திலோ தீர்க்கதரிசி தன்னையே பலிக்குக் கொண்டுசெல்லப்படும் குற்றமற்ற குட்டிக்கு ஒப்பிடுகின்றார். அங்கு வருவது ‘ஆர்னியோன்’. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட இரவில் எபிரேயர் அடித்த பாஸ்கா ஆடும் இக்குறியீட்டின் பின்னணியில் உள்ளது.

பாஸ்காவைப் பொறுத்த ஒரு செய்தி தமிழ் வாசகருக்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. யாத்திராகமத்தின் 12ஆம் அதிகாரம் அவ்விலங்கைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘சே’ என்பதாகும். அது செம்மறிகளிலிருந்தோ வெள்ளாடுகளிலிருந்தோ எடுக்கப்படலாம் என அங்கேயே கூறப்படுகின்றது. செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் பொதுவாக நிற்கும் அவ்வெபிரேயச் சொல்லுக்கு மிக அணுக்கமானது தமிழின் ‘ஆடு’ என்பதே ஆகும். எனவே, செம்மறியைக் காணாத மலைநாட்டு மக்கள் ‘ஆட்டுக்குட்டி’ என்றவுடன் தம் கொட்டிலிலுள்ள வெள்ளாட்டுக் குட்டியை எண்ணினாராயின், அது மூலத்தின் பண்டைப் பொருளுக்கு முரணானது என்று தள்ளிவிட முடியாது.

வெளிப்படுத்தின விசேஷம் கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில், தொமிசியன் பேரரசனாக இருந்த காலத்தில் எழுந்தது எனப் பெரும்பான்மையான ஆய்வாளர் கொள்வர். அதன் ஐந்தாம் அதிகாரத்தில் முத்திரையிட்ட ஏட்டுச் சுருளைத் திறக்கத்தக்கவர் யாருமின்றிக் காட்சியாளர் அழுகின்றார். யூதா குலத்துச் சிங்கம் வென்றது என்று அவருக்கு அறிவிக்கப்படுகின்றது. அவர் திரும்பிப் பார்க்கும்போது சிங்கம் இல்லை. கொல்லப்பட்டது போன்ற தோற்றத்துடன் ஓர் ஆட்டுக்குட்டி நிற்கின்றது. காதிற் கேட்டது வலிமையின் குறியீடு. கண்ணிற் கண்டது வலிமை அனைத்தையும் இழந்த உயிரின் குறியீடு. அக்குட்டிக்கு ஏழு கொம்புகள் உள்ளன. கொம்பு ஆற்றலின் அடையாளம். யூதரின் பிற்கால நூலான ஏனோக்கின் முதல் நூலிலும் அடக்குமுறைக்கு எதிராக எழுந்தோர் கொம்பு முளைத்த ஆட்டுக்குட்டிகளாகக் காட்டப்படுகின்றனர். ஏழாம் அதிகாரத்திலே ஆட்டுக்குட்டியே மேய்ப்பனாகவும் ஆகின்றது. சிங்கத்தின் இடத்தில் குட்டியும், மேய்ப்பனின் இடத்தில் மேய்க்கப்படுவதும் நிற்கும் இத்தலைகீழ் அமைப்பே அக்குறியீட்டின் உயிர்நாடி எனலாம்.

பாலும் திணையும்

கிரேக்கத்திற் பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால், இரண்டுமல்லாத நடுப்பால் என மூவகைப்படும். ‘ஆர்னியோன்’ நடுப்பாற் சொல். ஆயின் கிரேக்க நடுப்பால் தமிழ் அஃறிணையோடு முற்றிலும் ஒத்ததன்று. குழந்தையைக் குறிக்கும் ‘பைதியோன்’ என்ற கிரேக்கச் சொல்லும் நடுப்பாலே. அதனாற் குழந்தைக்கு இழிவு ஏதுமில்லை. அங்கே பால் பெரும்பாலும் சொல்லின் வடிவத்தைப் பற்றியது. தமிழிலோ திணை பொருளைப் பற்றியது. மக்களெனச் சுட்டப்படுவன உயர்திணை, அவரல்லாத பிற அஃறிணை என்பது தொல்காப்பியர் வகுத்த வரையறை. எனவே கிரேக்க வாசகர் முன் நில்லாத கேள்வி ஒன்று தமிழ் மொழிபெயர்ப்பாளர் முன் நின்றது: இக்குட்டி ‘வந்தது’ என்பதா, ‘வந்தார்’ என்பதா?

கிரேக்க மூலத்திலேயும் இக்கேள்வியின் சாயல் இல்லாமலில்லை. ஐந்தாம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டி முதன்முதல் தோன்றும் வசனத்தில், நடுப்பாலான அப்பெயரைத் தொடர்ந்து ‘கொம்புகளை உடைய’ என வரும் எச்சம் சிறந்த கையெழுத்துப் படிகளில் ஆண்பாலில் உள்ளது. இலக்கணப்படி அது நடுப்பாலாக இருத்தல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பெருவழக்கிலிருந்த அச்சுப் பாடம் அவ்வாறே நடுப்பாலில் தந்தது. குட்டி என்று எழுதிய ஆசிரியரின் மனத்தில் ஓர் ஆள் நின்றமையால் இலக்கணம் அவ்விடத்திற் பொருளுக்கு வழிவிட்டது எனக் கொள்வது பொருந்தும். ஆனால் இதைக்கொண்டு அதிகம் நிறுவிவிடவும் இயலாது. எதிரியாகிய ‘தேரியோன்’ என்னும் நடுப்பாற் சொல்லுக்கும் அதே நூல் 13ஆம் அதிகாரத்தில் ஆண்பாற் சுட்டுகளை வழங்குகின்றது. இரண்டும் ஆட்களைக் குறிக்கும் குறியீடுகள் என்பதையே இவ்வழுக்கள் காட்டுகின்றன; ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தும் நோக்கம் கிரேக்கத்தின் இலக்கணத்தில் இல்லை. அந்நோக்கம் தமிழிலேதான் தோன்றியது.

தமிழ் மரபில் மறி

தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைக் கூறும். இவற்றுள் ஆட்டின் இளமைக்கு உரியது ‘மறி’. குதிரை, மான் வகைகள் ஆகியவற்றின் இளமைக்கும் அதுவே பெயர். ‘குட்டி’ என்பது மரபியலில் கீரி, வெருகு, எலி, அணில் முதலியவற்றுக்கு உரியதாகச் சொல்லப்படுகின்றது. காலப்போக்கில் ‘மறி’ வழக்கிழந்து, ‘செம்மறி’ என்ற தொகைச்சொல்லினுள் மட்டும் எஞ்சி நிற்க, ‘குட்டி’ எல்லா இடத்தையும் நிரப்பிக்கொண்டது.

சங்கப் பாடல்களில் மறி பலியோடு பிணைந்தே பல இடங்களில் வருகின்றது. தலைவியின் மெலிவுக்கு முருகனே காரணம் எனத் தாய் எண்ணி வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துவாள். அங்கே மறி பலியிடப்படும். மெலிவின் உண்மைக் காரணம் தலைவன் மீது கொண்ட காதலே என்பதை அறிந்த தோழி அப்பலியின் பொருந்தாமையை நகையாடுவாள். குறுந்தொகையில் இத்துறைப் பாடல்கள் உள்ளன. தொடர்பே இல்லாத ஒரு துன்பத்துக்காகக் குற்றமற்ற குட்டியொன்று உயிரிழக்கும் காட்சி, ஆகவே, தமிழ் இலக்கியத்துக்குப் புதியதன்று. தோட்டங்களில் நிகழும் கிடாய் வெட்டும் அந்நெடிய மரபின் தொடர்ச்சியே. ‘கொல்லப்பட்ட ஆட்டுக்குட்டி’ என்ற தொடரை விளக்குவதற்கு உபதேசியார் பாலஸ்தீனத்துக்குச் செல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் கண்ட வழி

தமிழிற் புதிய ஏற்பாட்டை முதன்முதல் முழுமையாக அச்சிற் கொணர்ந்தவர் சீகன்பால்கு ஆவார். தரங்கம்பாடியில் 1708ஆம் ஆண்டில் தொடங்கி 1711ஆம் ஆண்டில் அவர் முடித்த மொழிபெயர்ப்பு 1714–1715ஆம் ஆண்டுகளில் அச்சாயிற்று. இலங்கையில் ஒல்லாந்தர் காலத்தில் பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759ஆம் ஆண்டில் கொழும்பில் வெளிவந்தது. பின்னர் பப்பிரிசியசின் மொழிபெயர்ப்பு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும், இரேனியுசின் புதிய ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தன. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இவற்றை அடுத்து ஹென்றி பவரின் தலைமையில் ஐக்கியத் திருப்புதல் 1871ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. சீர்திருத்தத் திருச்சபையினரிடையே இன்றளவும் பெருவழக்கில் உள்ளது அதுவே.

ஐக்கியத் திருப்புதல் வெளிப்படுத்தின விசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தை அமைத்துள்ள முறை நுணுகி நோக்கத்தக்கது. ஆட்டுக்குட்டி காட்சியாளரின் கண்ணுக்கு முதன்முதல் தோன்றும் வசனத்தில் அது அஃறிணையாகவே நிற்கின்றது. ‘அது’ என்ற சுட்டே அதற்கு வழங்கப்படுகின்றது. அடுத்த வசனத்தில் அக்குட்டி முன்வந்து ஏட்டைப் பெறும்போது ‘ஆட்டுக்குட்டியானவர்’ ஆகின்றது. வினைமுற்றும் உயர்திணைக்கு மாறுகின்றது. அதன்பின் நூல் முடியும்வரை அது பெரும்பாலும் அவ்வாறே வழங்கப்படுகின்றது. எதிரியாகிய மிருகமோ ‘அது’வாகவே இருந்துவிடுகின்றது. நடுப்பாலான ‘பினெவ்மா’ என்ற கிரேக்கச் சொல்லை ‘ஆவியானவர்’ ஆக்கிய அதே முறையே இங்கும் பின்பற்றப்பட்டது எனினும், ஆவி உருவற்றது; ஆட்டுக்குட்டியோ கொட்டிலிலே கட்டப்பட்டிருக்கும் விலங்கு. விலங்கின் பெயரோடு ‘ஆனவர்’ எனச் சேர்ப்பதற்குத் துணிவு வேண்டும்.

அத்துணிவுக்குத் தமிழிலக்கணம் இடமளித்திருந்தது. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகிய காரணங்களால் ஒரு திணையோ பாலோ மற்றொன்றாக மயங்கி வருதல் வழுவமைதியாகும் என்று நன்னூல் கூறும். பசுவைக் கண்டு உவகையால் ‘என் அம்மை வந்தாள்’ என்பது இதற்கு வழிவழியாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. நந்தியை நந்தி தேவர் என்பதும் இதனோடு ஒத்ததே. எனவே ‘ஆட்டுக்குட்டியானவர்’ என்பது அயல்மொழியின் தாக்கத்தால் விளைந்த செயற்கைச் சொல் என்று கூறுவது முழுமையான மதிப்பீடு ஆகாது. தமிழர் தம் இலக்கணத்தில் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த வாயிலின் வழியாகவே அச்சொல் உட்புகுந்தது.

ஆயின் அதே விதி ‘இழிப்பு’ என்பதையும் ஒரு காரணமாகக் கூறுகின்றது. உவப்பினால் விலங்கு உயர்திணையாகலாம். இழிப்பினால் மனிதர் அஃறிணையாகவும் ஆகலாம். ஊவாத் தோட்டங்களின் வரலாறு இவ்விரண்டாம் பகுதிக்கு எடுத்துக்காட்டாக அமைந்துவிட்டது.

தலைக்காசும் அரைப் பேரும்

கோப்பிப் பயிர்ச்செய்கையோடு தென்னிந்தியத் தொழிலாளர் மலைநாட்டுக்கு வரத் தொடங்கினர். கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. அவர்களிடையே சமயப்பணி செய்வதற்கென 1854ஆம் ஆண்டில் ஓர் அமைப்புத் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோறும் நடந்து சென்று போதித்தனர். அவ்வமைப்பின் பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பதாகும். தமிழிலே ‘கூலி’ என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தின் பெயர், அஃறிணைப் பெயர். ஆங்கிலேயர் வாயில் அது ஊதியத்தைப் பெறும் ஆளின் பெயராயிற்று. ஆட்டுக்குட்டியை ‘ஆனவர்’ என்று போதித்த அமைப்பே, அப்போதனையைக் கேட்ட மனிதரைத் தன் பெயரிலேயே ஊதியப் பொருளாகச் சுட்டிற்று. பிற்காலத்தில் அவ்வமைப்பு ‘தமிழ்த் திருச்சபை மிஷன்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. அம்மாற்றம் சிறிதெனத் தோன்றினும், திணை மாற்றம் என்ற நோக்கிற் பெரிது.

தோட்டத்து வழக்குச் சொற்கள் பலவும் இவ்வகையின. வேலைக்கு வந்த ஆட்களின் தொகையைப் பொறுத்துக் கங்காணிக்குக் கிடைத்த பணம் ‘தலைக்காசு’ எனப்பட்டது. தொழிலாளரின் கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டைக் கொண்டு, அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கு அவர்கள் மாற்றப்பட்டனர். கடனோடு ஆளும் கைமாறிய இம்முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தெமோதரைக்கு அருகில் ஒன்பது வளைவுப் பாலம் நிறைவெய்தியதும் அதே ஆண்டிலாகும். விடியற்காலையில் தப்பொலி கேட்டுப் பெரட்டுக்களத்திற் கூடுவோருக்குச் செக்ரோலிலே ‘பேர்’ போடப்படும். அரைநாள் வேலைக்கு ‘அரைப் பேர்’. பேர் என்பது மனிதனின் அடையாளம். அதனையே பாதியாக வெட்டி எண்ணிய கணக்கு அது.

எண்ணுதல் தோட்டத்தோடு நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்வதற்கென விட்டுவைத்தது. 1974ஆம் ஆண்டில் அவ்வெஞ்சிய தொகையும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. மந்தை பிரிப்பதுபோல நிகழ்ந்த இப்பங்கீட்டில், யார் எப்பக்கம் நிற்க விரும்பினர் என்ற வினா தொகைகளுக்குப் பின்னரே எழுந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நாடற்ற நிலை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது.

இந்நிலையில், வெளிப்படுத்தின விசேஷத்தின் 18ஆம் அதிகாரம் தோட்ட வரலாற்றை அறிந்தோர் மனத்தை உறுத்தும். பேரரசின் நகரம் வீழ்ந்தபோது தம் சரக்கை வாங்குவாரின்றி வணிகர் புலம்புகின்றனர். பொன், வெள்ளி, மணிகள், பட்டு, வாசனைப் பொருள்கள், திராட்சரசம், எண்ணெய், மா என நீளும் சரக்குப் பட்டியலின் இறுதியில் மாடுகள், ஆடுகள், குதிரைகள், வண்டிகள், அவற்றையும் அடுத்து அடிமைகள் இடம்பெறுகின்றனர். அடிமைகளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் ‘உடல்கள்’ என்பது. அதுவும் நடுப்பாற் சொல்லே. அதனோடு ‘மனித உயிர்கள்’ என்ற தொடரையும் ஆசிரியர் சேர்த்து வைக்கின்றார். சரக்காக எண்ணப்பட்டவை உயிர்கள் என்பதை வணிகரின் பட்டியலுக்குள்ளேயே நின்று அத்தொடர் நினைவூட்டுகின்றது. ஆட்டுக்குட்டியை அரியணையின் நடுவே நிறுத்திய அதே நூல், ஆடுகளுக்கும் வண்டிகளுக்கும் பின்னே மனிதரை அடுக்கிய வணிகத்தையும் பதிவு செய்துள்ளது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே ‘ஆர்னியோன்’ என்ற குறியீட்டின் அரசியற் பொருள் முழுமை பெறுகின்றது.

இரு மொழிபெயர்ப்புகள்

1995ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் வேறு வழியை மேற்கொண்டது. அதன் திருவெளிப்பாட்டில் ‘ஆட்டுக்குட்டி’ என்றே வருகின்றது. வினைமுற்றுகளும் அஃறிணையிலேயே அமைகின்றன. மேய்ப்பனாகும்போதும், போற்றப்படும்போதும் அது அஃறிணையே. கத்தோலிக்கரின் திருப்பலியிலோ ‘செம்மறி’ என்ற விளி வழங்குகின்றது. மூலச்சொல்லின் பாலை நோக்கினாற் பொது மொழிபெயர்ப்பே நெருக்கமானது எனலாம். சிங்கத்தை எதிர்பார்த்தவர் முன் குட்டியொன்று நிற்கும் அதிர்ச்சியும் அஃறிணையிலேதான் குறையாமல் இருக்கின்றது. ‘ஆனவர்’ என்னும் மதிப்புச்சொல் அவ்வதிர்ச்சியை மெல்ல மறைத்து, கொல்லப்பட்ட உயிரைப் பீடத்திலேற்றிவிடும் என்ற குறையும் கூறப்படலாம்.

எனினும் ஐக்கியத் திருப்புதலின் வழியைக் குறைத்து மதிப்பிடுதல் ஆகாது. அது ஆட்டுக்குட்டியைத் தொடக்கத்திலிருந்தே உயர்திணையாக்கவில்லை. முதற்பார்வையில் அது ‘அது’வாகவே இருக்க விட்டு, அது எழுந்து ஏட்டைப் பெறும் கணத்திலேயே ‘அவர்’ ஆக்குகின்றது. பார்ப்போர் கண்ணில் அஃறிணையாக இருந்தது, தன் செயலால் உயர்திணை ஆகின்றது. கிரேக்கத்தில் ஓர் எச்சத்தின் பால்வழுவாக மட்டும் மறைந்திருந்த செய்தி, தமிழிலே இரு வசனங்களுக்கிடையே நிகழும் திணை மாற்றமாக வெளிப்படுகின்றது. ஒரு மொழிபெயர்ப்பு மூலத்தின் ஒரு பாதியையும், மற்றது மறு பாதியையும் காத்துள்ளன என்று கொள்வதே பொருத்தமாகும்.

1972ஆம் ஆண்டில் பதுளை தனி மறைமாவட்டமாயிற்று. கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணாயக்கார, வசதி குறைந்த இப்புதிய மறைமாவட்டத்தின் முதல் ஆயராகப் பொறுப்பேற்று, 1982 வரை தோட்ட மக்களையும் கிராம மக்களையும் சார்ந்த பணியை முதன்மைப்படுத்தினார். 1973–1974 காலத்து உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கிய ஆண்டுகள் அவை. 1983ஆம் ஆண்டு யூலை 27ஆந் திகதி பதுளை நகரிலே தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டு உயிர்கள் பறிக்கப்பட்டன. ‘கொல்லப்பட்டது போன்று, எனினும் நிற்கின்ற’ என்ற கிரேக்கத் தொடரில் அழுத்தம் பெறுவது எது என்னும் வினாவுக்கு, இவ்வாண்டுகளை அறிந்த வாசகர் ‘நிற்கின்ற’ என்பதையே விடையாகக் கொள்வர். அத்தொடரில் எழுவாயோடு இலக்கண இயைபு குன்றாமல் முதலில் வரும் எச்சமும் அதுவே.

ஆட்டுக்குட்டி உயர்திணையாவதற்குத் தமிழ் ஒரு விகுதியை மட்டுமே சேர்க்க வேண்டியிருந்தது. அச்சொல்லைக் கேட்ட மக்கள் தலைக்கணக்கிலிருந்தும் அரைப் பேரிலிருந்தும் நீங்கி முழுப் பேருடைய குடிமக்களாகச் சட்டத்தின் கண்ணிற் படுவதற்கு, 1854ஆம் ஆண்டிலிருந்து எண்ணின், ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. விலங்கின் பெயருக்கு ‘ஆனவர்’ சேர்த்த மொழியிலேயே மனிதரைக் ‘கூலி’ என்றழைத்ததும் நிகழ்ந்தது. இவ்விரண்டையும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்களாகக் காண்பது, ஊவா மலைகளில் ‘ஆர்னியோன்’ என்ற சொல்லின் பொருளை உணர்தற்கு இன்றியமையாததாகும்.